விரல் செய்ய வேண்டிய வேலை: தொடுதிரை கேம்கள், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அக்கா மகள் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க கேம் கன்சோல், பழையது ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். டோஹாவில் வேலை செய்யும் அவளுடைய சித்தப்பா லீவில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. "மாமா, ஸ்கிரீன் செத்துப்போச்சு. தொட்டா ஒன்னும் நடக்கல" என்றாள், ஏதோ நான்தான் கொன்ற மாதிரி.

ஹட்டன் டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு 'ஸ்கிரீன் செத்துப்போச்சு' என்பது காலை வணக்கம் போல. வாங்கி மெனுவில் விரலை வைத்தேன். வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. எழுத்துப் பலகையைத் திறந்து நாலு எழுத்துத் தட்டினேன், நாலும் விழுந்தன. அப்புறம்தான் அவள் என்ன கேம் போட்டிருந்தாள் என்று பார்த்தேன். மாரியோ கார்ட். ஓடுகிற வண்டியை விரலால் தட்டித் தட்டித் திருப்பப் பார்த்திருக்கிறாள். போனில் அப்படித்தானே பழக்கம்! அந்த ஓட்டத்துக்கு விரல் வேண்டாம், பட்டனும் கட்டைவிரலால் சுழற்றும் குச்சியும் போதும். கேம் அவள் விரலைக் கண்டுகொள்ளவே இல்லை.

கன்சோலில் தொடுதிரை இருக்கிறது என்பது ஒன்று, கேம் அதைக் கேட்கிறது என்பது வேறு. கேட்கிற கேம்களிலும், கேட்டு என்ன செய்கிறது என்பதில்தான் நல்லதும் கெட்டதும் பிரிகின்றன. கையடக்கக் கன்சோல் ஒன்று புதிதாகக் கைக்கு வந்து, "தொட்டு விளையாட என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரை வைக்கிறீர்கள், ஒரு கண்ணை மூடிக் கோணம் பார்க்கிறீர்கள், நகத்தால் சுண்டுகிறீர்கள். எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்த ஒரு சுண்டலுக்குள் இருக்கிறது. அதே கரத்தைப் பட்டன் வைத்து விளையாடுவதாக வைத்துக்கொள்வோம். இடது பட்டன், வலது பட்டன், வேகம் கூட்ட ஒரு பட்டன், அடிக்க ஒன்று. காய் குழியில் விழும்தான். ஆனால் அது கரம் அல்ல, கரத்துக்கு எழுதிக்கொடுத்த விண்ணப்பம்.

பட்டன் என்பது ஓர் ஒப்பந்தம். 'ஏ' என்று எழுதிய பட்டனுக்கும் குதிப்பதற்கும் இயல்பாக எந்த உறவும் இல்லை. கேம் செய்தவர் சொன்னார், நாம் ஏற்றுக்கொண்டோம். தொடுவதில் அந்த ஒப்பந்தம் தேவைப்படுவதில்லை. கோடு வேண்டுமா, கோடு போடு. தள்ள வேண்டுமா, தள்ளு. ஆகவே ஒரு தொடுதிரை கேமை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: விரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பட்டனை வைத்தால் இந்தக் கேம் என்ன ஆகும்? உயிர் போய்விடும் என்றால் நல்ல தொடுதிரை கேம். ஒன்றும் ஆகாது என்றால் தொடுதிரை அங்கே சும்மா அலங்காரம். கேம் முன்னைவிட நன்றாகிவிடும் என்றால், யாரோ வேண்டாத இடத்தில் விரலைத் திணித்திருக்கிறார்கள்.

மூன்றாவது வகைக்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. 2004இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற, இரண்டு திரையோடு மடிக்கும் கையடக்கக் கன்சோல் வெளிவந்தபோது கூடவே வந்தது சூப்பர் மாரியோ 64 டிஎஸ். டிஎஸ்ஸில் சுழலும் குச்சி கிடையாது. அதனால் கட்டைவிரலைத் திரையில் வைத்துத் தேய்த்து மாரியோவை ஓடவிடும் ஒரு வழி வைத்தார்கள். அதற்காகக் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பட்டியும் டிஎஸ்ஸோடு வந்தது. கேம் அருமையானது, ஆனால் அந்தத் தேய்ப்பு, குச்சி இல்லாத குறையை மறைக்கப் போட்ட ஒட்டு. இன்றைக்கும் போன் கேம்களில் திரையின் மூலையில் ஒரு வட்டம் வரைந்து 'இதுதான் குச்சி' என்கிறார்களே, அதன் தாத்தா இதுதான். விரல் வட்டத்தைவிட்டு நழுவியதே தெரியாது. கண்ணால் பார்க்காமல் தடவிக் கண்டுபிடிக்க அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

சரி, திரைக்குள் என்ன நடக்கிறது? இது தெரிந்தால் எந்தக் கன்சோலில் எந்தக் கேம் ஏன் நன்றாக வருகிறது என்பதும் பாதி புரிந்துவிடும்.

டிஎஸ், அதற்குப் பின் 2011இல் வந்த 3டிஎஸ் இரண்டிலும் இருப்பது அழுத்தத்தை உணரும் திரை. மேலே வளையக்கூடிய மெல்லிய தாள், கீழே கெட்டியான தட்டு. இரண்டின் உள்பக்கத்திலும் மின்சாரம் கடத்தும், கண்ணுக்குத் தெரியாத பூச்சு. நடுவே மயிரிழை அளவு இடைவெளி. அழுத்தினால் மேல் தாள் வளைந்து கீழ்த் தட்டைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்து, இடம் எது என்று கன்சோல் கணக்குப் போடுகிறது. அழுத்துவது விரலா, நகமா, பிளாஸ்டிக் குச்சியா என்ற கவலை அதற்கு இல்லை.

ஸ்விட்சிலும், சோனியின் கையடக்கக் கன்சோலான பிளேஸ்டேஷன் வீட்டாவிலும், நம் போன்களிலும் இருப்பது வேறு. கண்ணாடிக்கோ பிளாஸ்டிக்குக்கோ அடியில் மெல்லிய மின்புலம் ஒன்று பரவியிருக்கும். நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பதால், விரல் கிட்ட வந்ததும் அந்தப் புலம் அந்த இடத்தில் மாறுகிறது. அழுத்தவே வேண்டாம். ஒரே நேரத்தில் பல விரல்களையும் தனித்தனியாகப் பிரித்து அறியும். ஆனால் மின்சாரம் கடத்தாத பொருளை அது மதிக்காது.

நம்பாவிட்டால் வீட்டிலேயே பாருங்கள். பேனா மூடியால் ஸ்விட்ச் திரையை மெதுவாகத் தொடுங்கள், அசையாது. வாழைப்பழத்தைக் கையில் பிடித்து அதன் நுனியால் தொடுங்கள், திறக்கும். டிஎஸ் கிடைத்தால் இன்னொரு வேடிக்கை: ஒரு விரலை இடது ஓரத்திலும் இன்னொன்றை வலது ஓரத்திலும் வைத்து ஒன்றாக அழுத்துங்கள். இரண்டையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது. நடுவில் எங்கோ யாரோ தொட்டதாக நினைத்துக்கொள்ளும்.

புதியது வந்ததும் பழையது மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். டிஎஸ்ஸோடு வரும், பேனா போலப் பிடிக்கும் தொடுகுச்சியின் முனை மெலிது, அதனால் மூன்று அங்குலத் திரையிலும் ஒரு சின்னப் புள்ளியைக் குறிபார்த்துத் தொடலாம். விரல் அப்படியா? நாம் தொட நினைக்கும் பொருளையே விரல் மறைத்துவிடுகிறது. தொடுதிரையின் பெரிய தலைவலி இதுதான். எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்க்கும் கண்ணும் அவனை அடிக்கும் கையும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. நல்ல கேம் செய்பவர்கள் இதற்கு ஏதாவது வழி வைத்திருப்பார்கள். டிஎஸ்ஸில் வழி கன்சோலிலேயே இருந்தது: மேலே பார்க்க ஒரு திரை, கீழே தொட ஒரு திரை.

தொடுதிரையைக் கையடக்கக் கன்சோலில் முதலில் வைத்தது டிஎஸ் அல்ல. 1997இலேயே டைகர் என்ற அமெரிக்க நிறுவனம் கேம்.காம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, எடுபடவில்லை. விரலுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்த காலம் டிஎஸ்ஸின் காலம்தான். டிஎஸ் குடும்பம் மொத்தமாக 15 கோடிக்கு மேல் விற்றது. அவ்வளவு பேர் கையில் குச்சி இருந்ததால், குச்சி இல்லாமல் நடக்கவே நடக்காத கேம்களைத் துணிந்து செய்ய முடிந்தது.

தொடங்குபவருக்கு நான் முதலில் கொடுப்பது 2005இல் வந்த கிர்பி: கேன்வாஸ் கர்ஸ். இளஞ்சிவப்பு உருண்டை கிர்பிக்கு இதில் கையும் இல்லை, காலும் இல்லை. உருளத்தான் முடியும். நீங்கள் குச்சியால் வானவில் நிறத்தில் ஒரு கோடு போட்டால் அவன் அதன்மேல் உருண்டு போவான். பள்ளத்துக்கு மேலே கோடு போட்டால் பாலம். நேர் எதிரே நிமிர்த்திப் போட்டால் சுவர். வளைத்து ஒரு சுழி போட்டால் அதில் ஏறிச் சுற்றி வருவான். மை அளவோடுதான் இருக்கும், தீர்ந்துவிட்டால் அது ஊறும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே கோட்டை நீட்டி முழக்க முடியாது. வாசலில் கோலம் போட்ட கை என்றால் பத்து நிமிஷத்தில் பழகிவிடும். என் அம்மாவிடம் ஒருநாள் கொடுத்துப் பார்த்தேன். கேம் என்றால் என்ன என்று கேட்பவர், மூன்றாவது கட்டம்வரை போய்விட்டு, "அந்த உருண்டை ஏன்டா சும்மா நிக்கிறான்?" என்று திட்டினார். இதில் விரலுக்குப் பதில் பட்டன் வைக்க வழியே இல்லை. வைத்தால் கேமே மிஞ்சாது.

அடுத்தது 2007இன் த லெஜெண்ட் ஆஃப் செல்டா: ஃபேன்டம் அவர்கிளாஸ். இது கொஞ்சம் பெரிய கதை, ஆங்கிலம் வாசிக்க வேண்டும். நாயகன் லிங்க் எங்கே போக வேண்டுமோ அங்கே குச்சியை வைத்தால் ஓடிவருவான். எதிரியின் குறுக்கே கீறினால் வாள் வீச்சு. பூமராங் எறிய, அது பறக்க வேண்டிய பாதையைக் கையால் வரைய வேண்டும். தூண்களைச் சுற்றி வளைத்து, மூலைக்குள் இருக்கும் மணியை அடித்துவிட்டுத் திரும்பும்படி ஒரு கோடு போட்டு, அது அச்சு அசலாக அந்தக் கோட்டிலேயே பறப்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கப்பலுக்கும் அப்படித்தான், கடல் வரைபடத்தில் வழியைக் கீறிவிட வேண்டும்.

எனக்கு இதில் பிடித்தது வரைபடத்தில் நாமே எழுதிக்கொள்ளலாம் என்பது. சுவரில் ஒரு துப்பு இருந்தால் கதாநாயகன் அதை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டான். நீங்கள்தான் வரைபடத்தைத் திறந்து, 'இங்கே நெம்புகோல் 3, முதலில் வலது' என்று குறித்துவைக்க வேண்டும். நான் தமிழில்தான் எழுதுவேன். கேமுக்கு அது எழுத்தா கிறுக்கலா என்பதே தெரியாது.

இந்தக் கேமில் ஒரு புதிர் இருக்கிறது. அதை உடைக்காமல் தொடுதிரையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை, விளையாடப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

மேல் திரையில் ஒரு சின்னம். கீழ்த் திரையில் உங்கள் கடல் வரைபடம். அந்தச் சின்னத்தை வரைபடத்தில் அழுத்திப் பதிக்க வேண்டும் என்கிறது கேம். அக்கா மகளுக்கு அப்போது பத்து வயது. தேய்த்தாள், குத்தினாள், மைக்கில் ஊதினாள் (முன்னால் ஒரு புதிர் ஊதித்தான் தீர்ந்தது, அதனால் தப்பில்லை). பார்த்துப் பார்த்து அதே போல வரைந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நான் விடை தெரிந்தும் பேசாமல் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அக்கா நாலாவது தடவை சோற்றுக்குக் கூப்பிட்டாள். பிள்ளை கோபத்தில் டிஎஸ்ஸைப் படாரென்று மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்து திறந்தால், சின்னம் வரைபடத்தில் பதிந்திருக்கிறது. மேல் திரை கீழ்த் திரையின்மேல் முத்திரை மாதிரி அழுந்த வேண்டும், அதற்குக் கன்சோலை மூட வேண்டும், அவ்வளவுதான். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. 'தொடுவது' என்பதை இவ்வளவு தூரம் நீட்டி யோசித்த கேம் வேறு எனக்குத் தெரியவில்லை.

டிஎஸ்ஸில் இன்னும் நிறைய இருக்கிறது. ட்ராமா சென்டர்: அண்டர் த நைஃப் என்பதில் நீங்கள் அறுவைச் சிகிச்சை வைத்தியர். கத்தியால் கீறி, இடுக்கியால் எடுத்து, மேலும் கீழுமாக இழுத்துத் தையல் போட வேண்டும். நேரம் ஓடும், கை நடுங்கும். எட்ரியன் ஒடிஸி, குகைக்குள் போகும்போது வரைபடத்தை உங்களையே வரையச் சொல்கிறது. பொறுமைசாலிகளுக்கு மட்டும். பாட்டுக்குத் தாளம் தட்டப் பிடிக்குமென்றால் எலீட் பீட் ஏஜென்ட்ஸ்: வட்டங்கள் சுருங்கி வரும், சரியான தாளத்தில் தட்ட வேண்டும். இதற்கு அண்ணனான ஜப்பானியக் கேம் ஓவென்டானைப் பார்த்துத்தான் கணினியில் இன்று பலர் ஆடும் ஓசு பிறந்தது.

வீட்டாவைப் பற்றிச் சுருக்கமாக. 2011இன் கடைசியில் ஜப்பானில் வந்தது. முன்னால் தொடுதிரை, போதாததற்கு முதுகிலும் ஒரு தொடுபலகை. விரல் பார்வையை மறைக்கிறது என்ற தலைவலிக்கு இது கெட்டிக்கார மருந்து, பின்னாலிருந்து தொட்டால் எதுவும் மறையாது. ஆனால் அதற்குப் பொருத்தமான வேலை கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர். 2013இன் டேர்அவே அதில் ஒன்று. காகிதத்தாலான ஓர் உலகம். முதுகுப் பலகையில் விரலை வைத்தால், திரையில் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு விரல் உள்ளே நீட்டுகிறது, உங்கள் விரல்தான் அது என்கிற மாதிரி. முதல் தடவை பார்த்தபோது கன்சோலைத் திருப்பி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன், பொய் சொல்லவில்லை. இதற்கு நேர் எதிர் அன்சார்ட்டட்: கோல்டன் அபிஸ். நல்ல சாகசக் கேம், பட்டனில் அழகாக ஓடுகிறது. நடுநடுவே கரியைத் தேய், தூசியைத் துடை என்று விரலைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் கன்சோலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொல்கிறது. நான் அந்த இடத்துக்கு வந்தபோது கரண்ட் போயிருந்தது, வெளியே மூடுபனி. மறுநாள் வெயில் வரும்வரை கதை அங்கேயே நின்றது.

இனி ஸ்விட்ச். 2017இல் வந்தது. 6.2 அங்குலத் திரை, பல விரல்களை அறியும் நல்ல திரை. இருந்தும் அதைக் கேட்கும் கேம்கள் குறைவு. காரணம் எளிது: ஸ்விட்சை டீவியோடு இணைக்கும் தாங்கியில் சொருகினால் திரை உள்ளே மறைந்துவிடும். டீவியைத் தொட முடியாது. கையில் வைத்தும் விளையாடலாம், டீவியிலும் விளையாடலாம் என்று சொல்லி விற்ற கன்சோலில், தொடாமல் ஆட முடியாத கேமைச் செய்தால் பாதிப் பேர் கோபிப்பார்கள். ஆகவே எல்லாரும் பட்டனுக்குச் செய்துவிட்டு, நேரம் இருந்தால் தொடுதலையும் ஓரமாகச் சேர்க்கிறார்கள். தொடக்கத்திலேயே வந்த வோயெஸ் என்ற தாளக் கேம் துணிந்து தொடுதிரைக்கு மட்டும் என்று வந்தது, டீவியில் ஓடாது. பிறகு அதுவும் இறங்கிவந்து பட்டனுக்கு இடம் கொடுத்தது. தாங்கியில் சொருகவே முடியாத ஸ்விட்ச் லைட் 2019இல் வந்தும் நிலைமை மாறவில்லை, கேம்கள் எல்லாம் பொதுதானே.

இருந்தாலும் சில நல்லவை தப்பிப் பிழைத்தன. மாரியோ ஓடும் பாதையை நாமே கட்டும் கேம் சூப்பர் மாரியோ மேக்கர் 2. அதில் பாதை கட்டுவதைக் கையில் வைத்து ஒருமுறை, டீவியில் ஒருமுறை செய்து பாருங்கள். கையில் என்றால் செங்கல்லை விரலால் இழுத்துக்கொண்டே போகலாம், டீவியில் குறியை ஒவ்வொரு கட்டமாக நகர்த்த வேண்டும். ஓடிக் குதிப்பதற்கு மட்டும் பட்டன். எது விரலின் வேலை, எது பட்டனின் வேலை என்று பிரித்துக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. மினி மெட்ரோவில் ரயில் நிலையங்களைக் கோடு இழுத்து இணைக்க வேண்டும். ஊர் பெருகப் பெருக நிலையங்கள் முளைக்கும், சனம் நெருக்கியடிக்கும், கோட்டை அழித்து மாற்றிப் போட வேண்டும். பதுளை கோச்சிக்காக நானுஓயாவில் மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு ஒரு சின்னப் பழிதீர்ப்பு.

2020இல் வந்த கிளப்ஹவுஸ் கேம்ஸில் 51 விளையாட்டுகள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைப் பார்த்ததும் கண் விரியும், ஏனென்றால் அதில் கரம் இருக்கிறது. தாயத்தின் உறவான லூடோ இருக்கிறது, பல்லாங்குழியின் உறவான மன்கலாவும் இருக்கிறது. சதுரங்கம், டொமினோ, சீட்டு எல்லாம் விரலால் நகர்த்த இதமாக இருக்கும். ஆனால் என் அளவுகோலை மன்கலாவுக்கு வைத்துப் பாருங்கள். குழியைத் தேர்ந்தால் போதும், காய்களை அதுவே இட்டுக்கொண்டு போய்விடுகிறது. பல்லாங்குழியில் முத்துக்களை அள்ளி ஒவ்வொன்றாக விரலிடுக்கிலிருந்து நழுவவிடுவதுதானே பாதி விளையாட்டு? பட்டனில் தேர்ந்தாலும் விரலில் தேர்ந்தாலும் அங்கே ஒன்றுதான். கரமும் அப்படி: இருக்கிறது, பொழுது போகும், ஆனால் நகம் வலிக்காத கரத்தை நான் கரம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆங்கிலம் தடுக்கிறது என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: கோரோகோவா. 2017 டிசம்பரில் வந்தது. ஜேசன் ராபர்ட்ஸ் என்ற ஒரே மனிதர் பல வருஷம் உட்கார்ந்து கையால் வரைந்த படங்கள். கதையில் ஒரு சொல்கூட இல்லை. திரையில் நாலு கட்டம், கட்டத்துக்குள் படங்கள். ஒரு படத்தின் சட்டத்தை மட்டும் உரித்தெடுத்து இன்னொரு படத்தின்மேல் வைத்தால் அது வாசலாகிவிடுகிறது, ஒரு பையன் அதன் வழியாக அடுத்த படத்துக்குள் நடந்து போகிறான். பட்டனிலும் விளையாடலாம். ஆனால் மேசையில் கிடக்கும் படங்களைக் கையால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்க்கும் உணர்வு விரலில்தான் வருகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் அம்மாவிடம் கொடுங்கள்.

2022இல் வந்த ஸ்டீம் டெக்கிலும் தொடுதிரை உண்டு. அதில் ஓடுபவை பெரும்பாலும் கணினிக் கேம்கள், மவுஸின் சின்ன முனைக்காகச் செய்தவை. விரலுக்கு எழுத்துகள் பொடியாகத் தெரியும். அதனால்தான் இரண்டு பக்கமும் தனியாகத் தொடுபலகை வைத்திருக்கிறார்கள். தொடுதிரைக்காக அதை வாங்க வேண்டாம்.

மலையில் இருப்பவர்கள் இன்னும் சிலதைக் கவனிக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதக் காலையில் கம்பளிக் கையுறை இல்லாமல் யார் இருப்பார்கள்? அந்தக் கையுறையோடு ஸ்விட்சைத் தொட்டால் அதற்கு நீங்கள் ஆளே இல்லை. டிஎஸ்ஸுக்கு அது பொருட்டே அல்ல, குச்சியைப் பிடிக்க முடிந்தால் போதும். மூடுபனி இறங்கித் திரையில் பொடி நீர்த்துளி படிந்தாலும் ஸ்விட்ச் குழம்பும், துளியையும் விரலாக நினைக்கும். துடைத்துவிட்டு விளையாடுங்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் தொடுதிரைக் கேம் ஆகவே ஆகாது. வளைவுக்கு வளைவு குச்சி ஒரு பக்கம் போகும், கோடு ஒரு பக்கம் போகும், வயிறு இன்னொரு பக்கம் போகும். பட்டன் கேமாவது கண்ணை எடுத்துவிட்டுக் கொஞ்சம் சமாளிக்கலாம். கோச்சியில் பரவாயில்லை, ஆனால் தாளக் கேம் வேண்டாம். தண்டவாளத்துக்கு அதன் சொந்தத் தாளம் இருக்கிறது.

டிஎஸ்ஸின் குச்சியை ஸ்விட்சில் போட்டுக் கீற வேண்டாம். வேலையும் செய்யாது, முதலில் வந்த ஸ்விட்சின் திரை மேற்பரப்பு பிளாஸ்டிக், கோடும் விழும். ரப்பர் முனை வைத்த போன் குச்சி போதும், மேலே ஒரு கண்ணாடி ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

பழைய டிஎஸ் வாங்குவதென்றால் பார்த்து வாங்குங்கள், நான் ஏமாந்திருக்கிறேன். கொழும்பில் ஒரு கடையில் 'புதுசு மாதிரி அண்ணே' என்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கிர்பிக்குக் கோடு போட்டால், கோடு நான் வைத்த இடத்திலிருந்து ஒரு நெல் அளவு தள்ளி விழுந்தது. சில சமயம் அமைப்புகளுக்குள் போய் அது காட்டும் குறிகளைத் தட்டி அளவைச் சரிசெய்தால் திருந்திவிடும். என்னுடையது திருந்தவில்லை, மேல் தாள் களைத்துப்போயிருந்தது. திரையை மாற்றினேன்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டிஎஸ்ஸுக்குள்ளேயே பிக்டோசாட் என்று ஒன்று இருக்கும், கேம் எதுவும் போட வேண்டாம். கிட்டத்தில் இருக்கும் இன்னொரு டிஎஸ்ஸுக்கு இணையம் இல்லாமலே கையால் எழுதி அனுப்பும் வசதி. அதைத் திறந்து மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு துள்ளினாலோ நடுவில் அறுந்தாலோ கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் விளிம்பை ஒட்டிச் சுற்றிவர ஒரு கோடு, ஓரங்கள்தான் முதலில் கெடும். மடிக்கும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், டிஎஸ் லைட்டில் அது அடிக்கடி வரும்.

திரை மாற்றிய அந்த டிஎஸ் இப்போது அக்கா மகளிடம்தான் இருக்கிறது. எங்கள் லயத்தில் அக்கா வீடும் எங்கள் வீடும் ஒட்டிய வீடுகள், நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கத்திலிருந்து அவள் பிக்டோசாட்டில் கிறுக்குவாள், இந்தப் பக்கம் என் டிஎஸ்ஸில் வந்து விழும். அந்தக் கன்சோலில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆனால் கையால் எழுதுவதை அது என்ன மொழி என்று கேட்பதில்லை. நேற்று ராத்திரி வந்தது: 'மாமா அந்த கோரோகோவா முடிஞ்சுது. அம்மா இப்ப தரமாட்டேங்குது.'